குதிகால் குழி

மழை விட்ட காலையில் அக்கா முதலில் செய்வது, செருப்பைக் கழற்றிவிட்டு வலது குதிகாலைப் பாதையில் அழுத்துவதுதான். காலை எடுத்துவிட்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நிற்பார். குழி அப்படியே இருந்தால் வண்டிகளை விடலாம். தண்ணீர் ஊறி நின்றால் அன்றைக்கு வாசல் சங்கிலியை அவிழ்க்கக் கூடாது.

உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கரட்டில், ஜீப் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக ஒரு முதலாளி பாதை போட்டார். ஓசூர் கம்பெனியில் வேலை போன எனக்கு அங்கே வாசல் சங்கிலியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. யாரிடமும் நிமிர்ந்து பேச வராத எனக்கு அது தோதாகத்தான் இருந்தது. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர் வேப்பனப்பள்ளிக்காரர், மண்வேலை ஆட்களுக்கு மேஸ்திரி. பாதை எங்கே வளைய வேண்டும் என்று கொடி நட்டதும் அவர்தான். சரிவில் நேராக ஏற்றவே மாட்டார். ஏற்றினால் சக்கரத் தடமே வாய்க்காலாகி மண்ணை வாரிக்கொண்டு போய்விடும் என்பார். பக்கவாட்டில் மெல்ல ஏற்றி, நாற்பது அடிக்கு ஒரு தாழ்வு வைத்து, தண்ணீரை அங்கங்கே புதருக்குள் இறக்கிவிடுவார். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் பாதை சப்பென்று இருப்பதாகக் குறைப்பட்டதை நான் போய்ச் சொன்னேன். "நேரா ஏறணும்னா லிப்ட்டு வச்ச ஊட்டுக்குப் போவச் சொல்லுப்பா" என்றார். மதியம் களி உருண்டையில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்துவிட்டு, எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். "உனக்குத் தலை ஒரு பக்கந்தான் ஆடுது. இல்லன்னும் ஆட்டிப் பழகு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முந்தைய நாள் நல்ல மழை. குதிகாலை அழுத்திப் பார்த்தேன், தண்ணீர் நின்றது. ஆறு ஜீப்புகள் வந்தன. "இவ்ளோ தூரம் வந்துட்டோம் அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு" என்றார் முன்னால் இருந்தவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சங்கிலியை அவிழ்த்தேன். முதல் வளைவில் வழுக்கிய வண்டிகள் வளைவை விட்டுச் சரிவில் நேராக இறங்கின. சாயங்காலம் பெய்த மழை அந்தத் தடத்தில் ஓடி, கீழே இருந்த தக்காளித் தோட்டத்தைச் செம்மண்ணால் மூடிவிட்டது.

மறுநாள் தோட்டக்காரர் மண் அப்பிய செடிகளைக் கொண்டுவந்து முதலாளியின் காலடியில் போட்டார். யார் திறந்துவிட்டது என்று முதலாளி கேட்டார். சங்கிலிப் பூட்டின் சாவி என் பையில்தான் இருந்தது. என் வாய் திறப்பதற்குள், "நாந்தான் போன்ல அவுக்கச் சொன்னேன்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றோடு அவருக்கு அங்கே வேலை முடிந்தது. உடனே கிளம்பிப் போகாமல், மாலை வரை இருந்து அந்தத் தடத்தைக் கல் போட்டு அடைத்தார். நான் கல் எடுத்துக் கொடுத்தேன். கல் கொடுத்த கையோடு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் ஏறும்போது, "தலைய ஆட்டிப் பழகுப்பா" என்றார்.

இரண்டு மாதம் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிடு என்றார். அக்காவின் நம்பர் அதற்குள் உபயோகத்தில் இல்லை. மாங்காய் சீசனில் வேப்பனப்பள்ளிக்கே போனேன். கோலார் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலையும் மழை விட்டிருந்தது. செருப்பைக் கழற்றி அழுத்தினேன். இரண்டு ஜீப்புகள் வந்து ஹாரன் அடித்தன.

"இன்னிக்கு இல்லைங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சொன்ன பிறகு, பழக்கத்தில், அக்கா வழக்கமாக நிற்கும் முதல் வளைவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. காலடியில் குழி தண்ணீர் நிறைந்து கிடந்தது.