லாரி வராத கரை

அந்த மார்கழியில் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கர்நாடகப் பக்கமிருந்து ஒரு புரளி எல்லை தாண்டி வந்திருந்தது. இருட்டிய பிறகு ஏதோ ஒன்று வாசலில் வந்து நின்று, நமக்குத் தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். ‘யாரு?’ என்று கேட்டுவிட்டால் ஆள் காலி. அதனால் கதவுக்குக் கதவு சுண்ணாம்பில் ‘நாளை வா’ என்று எழுதி வைத்தார்கள். கன்னடக்காரர் வீட்டில் கன்னடம், தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கு. எங்கள் லைன் வீட்டுச் சொந்தக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தார். வருவது எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ, யார் கண்டது?

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பேய் பிசாசுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை, அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் டெம்பரரி ஆப்பரேட்டராக இருந்தேன். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து இறங்கி ‘டம்’மென்று அடிக்கிற மெஷின்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து மெஷினில் என் நண்பன், பர்கூர்ப் பக்கத்துக்காரன். அவன் வீட்டில் எல்லாரும் காட்டிலும் கல் குவாரியிலும் கூலிக்குப் போனவர்கள். நிரந்தர வேலை என்ற ஒன்றைத் தொடப்போகிற முதல் ஆள் அவன்தான். எங்கள் இருவருக்கும் வருகிற திங்கட்கிழமை கம்பெனி டாக்டரிடம் மெடிக்கல். தேறினால் பெர்மனென்ட். தேறாவிட்டால் கேட்டுக்கு வெளியே. என்னைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் அவனைப் பற்றித்தான்.

புரளி கிளம்பியதிலிருந்து அவன் ஆளே மாறிப்போயிருந்தான். கதவைத் தட்டினால் திறக்க மாட்டான். டீக்கடையில் பின்னாலிருந்து கூப்பிட்டால் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்பான். தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவான். லைன் வீட்டுப் பிள்ளைகள் அவன் முதுகுக்குப் பின்னால் ஊளையிட்டுச் சிரித்தார்கள். அதற்கும் அவன் திரும்பவில்லை. இப்படி நடுங்கிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றால், பைத்தியம் என்று எழுதி அனுப்பிவிடுவாரே என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

நாலு இடம் சுற்றினால் தெளிந்துவிடுவான் என்று நினைத்தேன். லீவு நாளில் சைக்கிளில் ஊர் சுற்றுவது எங்களுக்குப் பழக்கம்தான். ராயக்கோட்டை, தளி, தேன்கனிக்கோட்டை என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. இந்தத் தடவை கிருஷ்ணகிரி அணையின் கரையோரமாகவே ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று கேட்டேன். மழை பொய்த்து, அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. முங்கிப்போன பழைய சாலை வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

“வர்றேன். ஆனா லாரி போற ரோட்ல வர மாட்டேன்” என்றான்.

“ஹைவேல போய்த்தான ஆகணும்?”

“கிருஷ்ணகிரி வரைக்கும் பஸ்ல போட்டுக்கினு போய்டலாம்.”

போன வருஷம் வரை லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மேடு ஏறியவன் பேசுகிற பேச்சா இது? திட்டிக்கொண்டே இரண்டு சைக்கிளையும் பஸ் கூரையில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பனி அப்படி ஒரு பனி. தூரத்தில் மலைக்கோட்டை இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லை. முன்னால் போகிற அவன் முதுகும் கேரியரில் கட்டிய சாப்பாட்டுத் தூக்கும் மட்டும் தெரிந்தன. சூரியன் மேலே வர வர, கரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஒரு பக்கம் காய்ந்து வெடித்த வண்டல். இன்னொரு பக்கம் அலையே இல்லாத தண்ணீர். கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அசையாத தண்ணீரைக் கண்டால் ஆகாது.

“ஏல, இதுக்குப் பேரு கரையா? எங்க ஊர்ல வந்து பாரு” என்று அவனை வம்புக்கிழுத்தேன். வழக்கமாக ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தருபவன், பதில் சொல்லாமல் மிதித்துக்கொண்டே போனான்.

பழைய சாலை திடீரென்றுதான் வந்தது. சேற்றுக்கு நடுவில் கருங்கல் பாவிய ஒரு முதுகு. அதன் இரண்டு பக்கமும் புளிய மரங்களின் அடிக்கட்டைகள், வரிசை பிசகாமல், நீர்மட்டம் வரைக்கும் போயின. அணை கட்டுவதற்கு முன்னால் மாட்டு வண்டிகளும் பஸ்ஸும் போன சாலையாம். சைக்கிள் அதில் ஏறியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாலை என்றால் யாராவது வரவேண்டும். இதில் யாரும் வரப்போவதில்லை. ஓரத்தில் ஒரு நடுகல் பாதி புதைந்து நின்றது. குதிரை இருந்தது, வாள் இருந்தது, வீரனுக்கு முகம் மட்டும் இல்லை. தண்ணீர் வழித்துவிட்டிருந்தது. சேற்றில் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் எங்களைப் பார்த்து அலகைத் திறந்து திறந்து மூடின. கத்தவில்லை. இவ்வளவு பெரிய வெளியில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லையே என்று நினைத்தபோது, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாலை தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் அவன் நின்றான். தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கவனித்தான்.

“உனக்குக் கேக்குதா?”

“என்னது?”

“உள்ள மெஷின் ஓடுது.”

“எதுக்குள்ள?”

“தண்ணிக்குள்ள. அடிக்குது பாரு. நம்ம பிரஸ்ஸு மாதிரியே.”

நான் கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டும் இல்லை. பேய் இவனைப் பிடித்தேவிட்டது, திங்கட்கிழமை போச்சு என்று நினைத்தேன். “வா, திரும்பிடுவோம்” என்றேன். அவன் அதற்குள் சைக்கிளைத் திருப்பி, சாலையை விட்டுக் கீழே, நீரோரமாக இறங்கிவிட்டான்.

அந்தப் பக்கம் தண்ணீரில் ஒரு பரிசல் நின்றது. அதில் இருந்த மீன்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். அப்போதுதான் நண்பனின் முன்சக்கரம் போகிற தரை வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன்.

அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பவில்லை. மறுபடி, தொண்டை கிழிய. அவன் நிதானமாக மிதித்துக்கொண்டே போனான். கூப்பிடுவது நானில்லை, அந்த ஏதோ ஒன்றுதான் என்று நினைக்கிறான்! “நான்தாம்ல! நான்தான் கூப்பிடுதேன்!” என்று அழுகிற குரலில் கத்தியது இன்னும் நினைவிருக்கிறது. வண்டலின் காய்ந்த மேல்தோல் பெயர்ந்து, சக்கரம் உள்ளே போய், அவன் இடுப்புவரை சேற்றில் இறங்கினான்.

என் சைக்கிளைச் சேற்றின் மேல் படுக்கப்போட்டு, அதன் மேல் குப்புற விழுந்து அவன் கையைப் பிடித்தேன். பரிசல்காரரும் வந்து துடுப்பை நீட்டினார். மேலே இழுத்துப் போட்டபின் அவர் தெலுங்கும் தமிழுமாக எங்களைப் பிடித்துக் கிழித்தார்.

“எத்தினி வாட்டி கூவுனேன்! சேறு, சேறுன்னு! சச்சிப் போவாலா மீரு? சாவணுமா?”

காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும் என்றேன். அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நண்பனின் சைக்கிளையும் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாலைக்கு வந்து ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்தோம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பேய்க்குப் பயந்து உயிர விடப் பாத்தியேல! நான் கூப்பிட்டா திரும்ப மாட்டியா?”

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “பயமெல்லாம் ஒண்ணும் இல்லடா. எனக்குக் கேக்கல.”

“என்ன கேக்கல?”

“காது. கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கினே இருக்குது. எதிர்ல நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவேன். பின்னாலேர்ந்து வந்தா ஒண்ணும் தெரியாது. லாரி வந்தாலும் தெரியாது. அதான் ரோடு வேணாம்னேன்.”

“அப்ப பேயி?”

“அத நீங்களே சொல்லிக்கினீங்க. செவுடன்னு தெரிஞ்சா வேல போய்டும். பயந்தாங்கொள்ளின்னா சிரிப்பாங்க, அவ்ளோதான். நல்லதாப் போச்சுன்னு உட்டுட்டேன்.”

ஊரே பேரைக் கேட்டுத் திரும்பாத நேரத்தில், ஒருவனுக்கு நிஜமாகவே காது கேட்கவில்லை என்று யாருக்குத் தோன்றும்? தண்ணீருக்குள் ஓடிய மெஷின் அவன் காதுக்குள்தான் ஓடியது. வீட்டிலும் ஓடுகிறதாம், சாப்பிடும்போதும் ஓடுகிறதாம். சத்தமே இல்லாத இடத்துக்குப் போனால் நிற்கும் என்று நம்பித்தான் என்னோடு கிளம்பி வந்திருக்கிறான். இங்கேதான் ரொம்ப பலமாக அடிக்கிறது என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூடி மறைத்துவிடு, டாக்டர் எதிரிலேயே நில், வாயைப் பார்த்தே சமாளி என்று கரை நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொன்னதெல்லாம் அவன் முதுகிடம்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

திங்கட்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போகுமுன் அவன் சொன்னான்: “சொல்லிடப் போறேன்டா. மறைச்சு மறைச்சு சலிச்சுப் போச்சு.” நான் தடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பர்கூரில் அவன் அம்மா பெர்மனென்ட் ஆர்டருக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. எனக்கு உட்கார முடியவில்லை.

சீக்கிரமே வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“சுவத்தப் பாத்து உக்காரச் சொன்னார். பின்னால நின்னு ஏதோ கேட்டார்போல. ஒண்ணும் கேக்கல சார்னு சொல்லிட்டேன். எந்த ஷாப்புன்னார். பிரஸ் ஷாப்புன்னேன். ‘அங்க எல்லாருக்கும் அப்பிடித்தான், மெஷினப் பாத்து ஓட்டு’ன்னு ஃபிட் போட்டுக் குடுத்துட்டார்டா!”

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இத்தனை மாதம் செத்துப் பிழைத்ததெல்லாம் இதற்குத்தானா? சந்தோஷப்படுவதா, உள்ளே போய் அந்த மனுஷனின் சட்டையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. அடுத்தது என் முறை.

நெஞ்சைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், எடை பார்த்தார். பிறகு ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வெள்ளைச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அறை அமைதியாக இருந்தது. எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

டாக்டர் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“நீயும் பிரஸ் ஷாப்தானா?” என்று கேட்டார்.