ஒன்பது கைகளும் ஒரு ரூபார்ப் கேக்கும்

எங்கள் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் ஒன்பது பேர். மூன்று வக்கீல், இரண்டு பல் டாக்டர், ஒரு கார் வியாபாரி, ஒரு சவப்பெட்டிக் கம்பெனி முதலாளியம்மா, ஒரு பன்றிப் பண்ணைக்காரர். ஒன்பதாவது ஆள் என்ன செய்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கவர்னர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ரத்தினங்கள்.

இவர்கள் படிப்பதற்குக் காகிதம் தயார் செய்வது மார்லிஸ் ஹாகனின் வேலை. படிக்காமல் இருப்பது இவர்களுடைய வேலை. இருபத்தெட்டு வருஷமாக இரண்டு தரப்பும் வேலையை ஒழுங்காகச் செய்துவந்தன. கூட்ட அறையின் மூலையில் மைக்கைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

மார்லிஸின் கணவர் ஒரு ஜனவரியில் ஏரிப்பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். மார்லிஸ் அழவில்லை. ஏரியில் இருந்த அவருடைய மீன்பிடிக் குடிசையை விற்று, ஆபீசுக்கு முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டார்.

எங்கள் கூட்டங்களில் 'கட்டு' என்று ஒன்று உண்டு. சச்சரவில்லாத சங்கதிகளை, மாணவர் பரிசு, வேலி ரிப்பேர், கோழிக் கொட்டகைக் கூரை எல்லாவற்றையும், ஒரே கட்டாகக் கட்டி ஒரே கைதூக்கலில் முடித்துவிடுவார்கள். ஒரே ஒரு உறுப்பினர் "அதை வெளியே எடு" என்றால் போதும், அது தனி விவாதத்துக்கு வரும். யாரும் எதையும் எடுக்கச் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அதாவது பதினேழு வருஷத்துக்கு முன்னால், மார்லிஸ் ஒரு சோதனை செய்தார். நாற்பதாம் பக்கத்தில் ரூபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்டுத் தான் சுடும் கேக்கின் செய்முறையைச் சேர்த்துவிட்டார். ஒன்பது கைகளும் உயர்ந்தன.

"யாருமேவா படிக்கல?" என்று கேட்டேன்.

"அரை கப் வெண்ணெய், ஒண்ணரை கப் சர்க்கரைன்னு தெளிவாத்தான் போட்டேன் கண்ணு. இனிமே அது பல்கலைக்கழகத் தீர்மானம்" என்றார். சிரித்தார், ஆனால் அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

போன மார்ச் மாதம் ஜோசி கூல் என்கிற ஆராய்ச்சி மாணவி அழுதுகொண்டே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஊருக்குக் கிழக்கே இருக்கும் அறுபது ஏக்கர் ஆராய்ச்சி நிலத்தில் அவள் ஒன்பது வருஷமாக ஒரு கோதுமையை வளர்க்கிறாள். ஒரு தடவை விதைத்தால் போதும், வருஷா வருஷம் தானாகத் தழைக்கும். அந்த நிலத்தை ஒரு பெரிய கடைக் கம்பெனிக்கு, கார் நிறுத்துமிடம் போட, விற்கப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது.

"வேர் பத்தடி ஆழம் போயிருக்கு மார்லிஸ். பேத்தெடுத்து வேற எங்கயும் நட முடியாது."

"முதல்ல மூக்கைச் சிந்து. இந்த வருஷம் வேளாண் பரிசுக்கு மனு போட்டியா?"

"அதுல பேனா செட்டுதானே குடுப்பாங்க?"

"என்ன குடுக்கணும்னு விதியில எங்கயும் எழுதல. பரிசுக்குழு கேட்டு ஆட்சிக்குழு ஒத்துக்கிட்டா, அதான் பரிசு."

பரிசுக்குழுவில் மூன்று பேராசிரியர்கள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒருவராவது படித்திருப்பார் என்று நம்புகிறேன். முப்பத்தோராம் பக்கத்தில், மற்ற எழுத்தின் அளவிலேயே, இப்படி இருந்தது: ஜோசி கூலுக்கு இந்த ஆண்டின் பரிசு, கிழக்கு நிலத்தை 2036 அறுவடை வரை பயன்படுத்தும் உரிமை.

ஏப்ரல் கூட்டத்தில் மார்லிஸ் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"ஐயா, முப்பத்தோராம் பக்கத்தை ஒரு தடவை பாத்துடுங்க."

தலைவர் கிராண்ட் விக்கர்ஷாம், அந்தக் கார் வியாபாரி, கடிகாரத்தைப் பார்த்தார். "நிலம் வாங்கறவங்க வெளியில காத்துக்கிட்டிருக்காங்க மார்லிஸ். உன் பக்கமெல்லாம் எங்கயும் ஓடிடாது."

எல்லோரும் சிரித்தார்கள். எதையாவது வெளியே எடுக்க வேண்டுமா என்று மார்லிஸ் மூன்று தடவை கேட்டார். ஒன்பது கைகளும் உயர்ந்தன.

உடனே பரிசளிப்பு. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்திருந்ததால் விக்கர்ஷாம் பல் முழுக்கத் தெரிய ஜோசியின் கையில் உறையைக் கொடுத்தார். அடுத்தது நில விற்பனை. காகிதத்தைப் புரட்டிய பல்கலைக்கழக வக்கீல் வெளிறிப்போய் விக்கர்ஷாமின் காதருகே குனிந்தார். மைக்கை அணைப்பது என் வேலை. நான் அணைக்கவில்லை.

"யாருக்குக் குடுத்துட்டோம்?"

"அந்தப் பொண்ணுக்குங்க. இப்பத்தான். உங்க கையாலதான் குடுத்தீங்க."

"திருப்பி வாங்குய்யா!"

பத்திரிகைக்காரன் கேமராவை மறுபடி தூக்கினான். மாணவியிடமிருந்து பரிசைப் பிடுங்குகிற படம் ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் வரும் என்பது கார் வியாபாரிக்குக்கூடப் புரிந்தது. விக்கர்ஷாம் உட்கார்ந்தார். விற்பனை அன்றோடு செத்தது.

ஆனால் அவர் கோபம் சாகவில்லை. "இதைத் திணிச்சது நீதானே மார்லிஸ்? நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மார்லிஸுக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பன்றிப் பண்ணைக்காரர் வர்ஜில் ஸ்டாம் தொண்டையைச் செருமினார். பதினேழு வருஷக் கூட்டங்களில் அவர் பேசி நான் கேட்டது ஒரே தடவை, ஜன்னலை மூடச் சொல்லி.

"எதுக்கு வேலையை விட்டு அனுப்பணும்? படிச்சுப் பாருங்கன்னு சொன்னதுக்கா?"

"வர்ஜில், உனக்கு விஷயம் தெரியாது."

"தெரிஞ்சுதான் கை தூக்கினேன். பன்னி குட்டி போடறப்ப பக்கத்துலயே உக்காந்திருக்கணும் கிராண்ட். அப்ப நான் இதைத்தான் படிக்கிறேன். எல்லாப் பக்கமும். இருபது வருஷமா."

மார்லிஸை அனுப்ப யாருக்குச் சம்மதம் என்று விக்கர்ஷாம் கேட்டார். மற்ற எட்டுப் பேரில் ஒருவரும் கை தூக்கவில்லை.

வெளியே போகும்போது வர்ஜில் மார்லிஸின் மேஜை அருகே நின்று தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, அந்தக் கேக்குக்கு ஒண்ணரை கப் சர்க்கரை ஜாஸ்தி. நான் ஒரு கப்புதான் போடறேன்."

கணவர் ஓடிப்போனபோது அழாத மார்லிஸ், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த மாதக் கட்டில், நாற்பதாம் பக்கத்தில், சர்க்கரை ஒரு கப் என்று திருத்தம் வந்தது. எட்டுக் கைகள் உயர்ந்தன. விக்கர்ஷாம் மட்டும் தூக்கவில்லை. படித்திருக்கிறார்.