தண்ணிக்கு நடுவுல நிக்கிற எங்க லயம்

கொக்கோ விதை புளிக்கிற வாசம் தெரியுமா உங்களுக்கு? கொஞ்சம் கள்ளு மாதிரி, கொஞ்சம் பழுத்த பலாப்பழம் மாதிரி... வாழையிலை போட்டு மூடி வச்ச குவியல் பக்கமா போனாலே மூக்குல ஏறும்.

லக்கல பக்கம், நாங்க பொறந்து வளந்த தோட்டம் பூரா அந்த வாசம்தான். சட்டையில, தலமுடியில, ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போட்டுட்டுப் போற உடுப்புல கூட.

மலை உச்சியில எங்க லயம், தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடு. எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம். நடுச்சுவரு கூரை வரைக்கும் முட்டாது. ஒரு காம்பராவுல யாராவது இருமினா, அடுத்த காம்பராவுலேர்ந்து "கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க"ன்னு குரல் வரும்.

அந்த மலை இப்ப ஒரு தீவு.

கீழ அணை கட்டித் தண்ணி நெறப்புனப்ப வயலு, ரோட்டு, கடைத்தெரு எல்லாம் உள்ள போயிருச்சு. எங்களுக்கு வேற எடத்துல காணி குடுத்தாங்க. மலை உச்சி மட்டும் முங்காம நின்னுச்சு. மீன் புடிக்கிறவங்க அதுக்கு 'லயின் தூவ'ன்னு பேரு வச்சிட்டாங்க. தூவன்னா சிங்களத்துல தீவு.

நான் இத்தன வருஷமா கரையிலேர்ந்து முன்பக்கத்தப் பாத்ததோட சரி. போன வருஷம் அங்க போனது எங்க அக்காவுக்காகத்தான்.

ஸ்டெல்லா அக்கா, தண்ணி வர்றதுக்கு முந்தியே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவ. அதுக்கு முந்தி அவளுக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு... பல்லு மொளைக்கிறதுக்கு முந்தியே காய்ச்சல்ல போயிருச்சு. லயத்துக்குப் பின்னால, சரிவுல நின்ன பலா மரத்தடியில பொதைச்சோம். அப்பா சின்னதா ஒரு மரச்சிலுவை செஞ்சு நட்டாரு. அதுக்கப்புறம் மச்சான் கொழும்புக்கு வேலைக்குன்னு போனவரு, திரும்பி வரல. அக்கா பாஸ்போர்ட் எடுத்தா.

தண்ணி நெறஞ்சப்ப போன்ல அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"லயம் இருக்காடா?"

"இருக்குக்கா. முங்கல."

"அப்ப சரி"ன்னா.

போன வருஷம் ஒரேயடியா வந்துட்டா. "இனிமே போக மாட்டேன்டா. புள்ளைக்குப் பக்கத்துலயே இருந்துக்கிறேன்"ன்னா. வந்த ஒடனே தம்புள்ள டவுன்ல சொல்லிச் சின்னதா ஒரு சிமெந்துச் சிலுவை செஞ்சு வாங்கினா. மரச்சிலுவை எப்படியும் உக்கிப் போயிருக்கும், இத நட்டா காலத்துக்கும் நிக்கும்னு சொன்னா.

பண்டா அய்யான்னு ஒருத்தரு, மீன் புடிக்கிறவரு, எங்களப் படகுல கூட்டிட்டுப் போனாரு. அக்கா சிலுவைய மடியில வச்சு, ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு உக்காந்திருந்தா.

கூரைத் தகரத்த, லயத்தக் காலி பண்றப்ப நாங்களே கழட்டி எடுத்துட்டுப் போயிருந்தோம். அதனால சுவரு மட்டும்தான் நிக்குது. காம்பராவுக்குள்ள ஆளுயரத்துக்கு மானாப்புல்லு. எங்க காம்பராவ அடுப்புக் கரி புடிச்ச மூலைய வச்சுத்தான் கண்டுபுடிச்சோம். அக்கா அந்தக் கரியத் தடவிப் பாத்தா.

"இங்கதான்டா தொட்டில் கட்டியிருந்தோம்"னு மேல பாத்தா.

மேல வானம்தான் இருந்துச்சு.

அப்பறம் சிலுவையத் தூக்கிட்டு லயத்துக்குப் பின்னால போனா. நானும் பின்னாலயே போனேன். கொஞ்ச தூரத்துல அப்படியே நின்னுட்டா.

சரிவப் பாதிக்கு மேல காணோம். கரையிலேர்ந்து தள்ளி, தண்ணிக்குள்ள ஒரு பட்ட மரம். இலை இல்ல, பட்டை இல்ல. எலும்பு மாதிரி வெள்ளையா நிக்குது. கெளையில வரிசையா நீர்க்காகம்.

"அது... நம்ம பலா மரமாடா?"



பண்டா அய்யா பக்கத்துல வந்தாரு. பாதி தமிழ், பாதி சிங்களத்துல மெதுவாச் சொன்னாரு. "நங்கி... தங்கச்சி, வறட்சிக்குத் தண்ணி எறங்கும்தான். அந்த மரத்தடி தெரியிற அளவுக்கு எறங்காது."

அக்கா அழுவான்னு நெனச்சேன். அழல. "அங்க கூட்டிட்டுப் போங்க அய்யா"ன்னா.

படகு மரத்துக்கிட்ட போனதும் காகமெல்லாம் எழும்பிப் போயிருச்சு. அக்கா ஒரு கையால மரத்தப் புடிச்சிட்டு, மத்தக் கைய முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டா. ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்தா.

"குளிருதுடா தம்பி..."

அவ்வளவுதான் சொன்னா.

அப்பறம் சிலுவைய எடுத்து, தூங்குற புள்ளையப் படுக்க வைக்கிற மாதிரி, மெல்லத் தண்ணியில எறக்கி விட்டா. பண்டா அய்யா தொப்பியக் கழட்டிட்டாரு. திரும்பி வர்றப்ப அக்கா ஒரு தடவ கூடப் பின்னால பாக்கல.

கொஞ்ச நாள்லயே மறுபடியும் குவைத்துக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்குப் போன் பண்ணிட்டா. "இங்க இருக்கத்தானேக்கா வந்த?"ன்னு கேட்டேன்.

"யாருக்குப் பக்கத்துலடா இருக்கச் சொல்ற?"ன்னா.

போயிட்டா.

எங்களுக்கு இப்ப டைல்ஸ் போட்ட வீடு. குசினிக்குள்ளயே பைப். வாசல் வரைக்கும் த்ரீவீலர் வரும். கொறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல...

ஆனா அப்பெல்லாம் மழை புடிச்சா தோட்டத்துல வேலை நின்னுரும். பிளேன்டீயும் சுட்ட பலாக்கொட்டையுமா எல்லாரும் ஒரே காம்பராவுல அடைஞ்சு கெடப்போம். இன்னும் நல்லாப் பேயட்டும்னு இருக்கும். இப்ப ஒரு தூத்தல் போட்டாலே, அந்தத் தண்ணி இன்னும் எவ்வளவு ஏறுமோன்னுதான் மனசு போகுது.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு. போன் எடுப்பா. எங்க சொகத்தக் கேக்குறதுக்கு முந்தி, "அங்க மழையாடா?"ன்னுதான் கேப்பா.

நேத்தும் கேட்டா. வெளிய கொட்டு கொட்டுன்னு கொட்டுது. ஜன்னலச் சாத்திட்டு வந்து சொன்னேன்...

"இல்லக்கா. நல்ல வெயிலு."