பக்கத்து சீற்றில இருந்து ஒரு ஜனாதிபதித் தேர்தல்

கார் பழக்கிற தொழிலில எங்களுக்கு பிரேக் இருக்கு, கிளச் இருக்கு, கத்துறதுக்கு வாயும் இருக்கு. ஸ்டியரிங் மட்டும் மற்ற ஆளின்ர கையில.

ஜேர்மனியில, வுப்பர்டாலில இந்தத் தொழில் செய்யிறது இன்னும் கரைச்சல். ஊர் முழுக்க ஏத்தமும் இறக்கமும். சிவப்பு லைற்றில நிண்டா காரின்ர மூக்கு வானத்தைப் பாக்கும், பின்னால நிக்கிறவர் பயத்தில எங்களைப் பாப்பார். என்னட்டைப் பழக வாறது அரைவாசிக்கு மேல எங்கட சனம். சனம் ஓடும், ஓடேக்கை கதைக்கும். இலங்கையில ஜனாதிபதித் தேர்தல் வந்த வருசம் ஓட்டம் குறைஞ்சு கதை கூடிப்போச்சு. உங்கட வீட்டு ஹோலிலயும் அப்ப இதே கூத்துத்தான் நடந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் சோபாவில சாஞ்சிருந்து கேட்டனீங்கள். நான் காலை பிரேக்கில வைச்சுக்கொண்டு கேட்டனான். ஆர் கூடப் பாவம் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

நாற்சந்தியில் ஒரு புறக்கணிப்பு

தவம் அண்ணை அறுபதைத் தாண்டினவர். இவ்வளவு காலமும் மனிசிதான் கார் ஓடினவ. அவவுக்கு முழங்கால் ஒப்பரேசன் எண்டவுடனை மனுசன் என்னட்டை வந்து சேந்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்க முதலே தேர்தலைப் பிடிச்சிட்டார். "மூண்டு பெரிய வேட்பாளரும் கூடாதவங்கள் பிள்ளை. ஒருத்தன் பொய் சொன்னவன், மற்றவன் அதை எழுதிக் குடுத்தவன், மூண்டாமாள் கேட்டுக் கைதட்டினவன். எங்கட சனம் ஒருத்தரும் வோட்டுப் போடக்கூடாது. மண்டபத்தில கூட்டம் வைச்சுச் சொல்லிப்போட்டன்." வுப்பர்டால் மண்டபத்தில சொன்னா முல்லைத்தீவில கேக்குமோ எண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருந்தா அண்டைய பாடம் அதோட முடிஞ்சிருக்கும்.

அப்பிடியே ஒரு நாற்சந்திக்கு வந்தம். லைற் இல்லாத சந்தி. வலப்பக்கத்தால வாறவருக்குத்தான் முதலிடம். வலப்பக்கம் வெறுமை, ஆகையால எங்கட முறை. இடப்பக்கத்துக் கறுப்புக் கார்க்காரன் எங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிக்கிறான், முன்னுக்கு வாற காரில ஒரு மனிசி கையைக் காட்டிப் போகச் சொல்லுறா. இவர் அசையேல்லை. பின்னால குப்பை லொறி ஹோர்ன் அடிக்குது. "போங்கோ அண்ணை, உங்கட முறை" எண்டு நான் கத்துறன். "அந்தக் கறுப்புக் காரை நம்பேலாது" எண்டார். "அப்ப அந்த மனிசி?" "அவவின்ர சிரிப்புச் சரியில்லை." லொறிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியில தட்டேக்கையும் தவம் அண்ணை ஆறுதலாத்தான் சொன்னார்: "எல்லாரும் போய் முடியட்டும் பிள்ளை, அதுக்குப் பிறகு றோட்டு முழுக்க எங்கடைதானே."

கோவத்தைக் காட்டுற வோட்டு

அருளப்பு அண்ணை மன்னார் ஆள். தேவாலயத்தில பாட்டுக்குழுவை நடத்துறவர், முதியோர் இல்லத்துக் குசினியில வேலை. சாப்பாட்டு வான் ஓட ஆள் வேணுமெண்டு இல்லத்தில சொன்னதால பழக வந்தவர். அவருக்கும் பெரிய மூண்டு பேரும் பிடிக்காது. ஆனா புறக்கணிக்கிறதும் பிடிக்காது. தமிழர் தரப்பில ஒருத்தர் நிக்கிறார், அவருக்குத்தான் போடவேணும் எண்டது இவரின்ர வாதம். ரெண்டு அண்ணைமாரும் நான் றோட்டுச் சட்டம் படிப்பிக்கிற மாலை வகுப்பில பக்கத்துப் பக்கத்துக் கதிரை. நான் சுவரில 'வாகனம் நிறுத்தக்கூடாது' எண்ட பலகைப் படத்தைக் காட்ட, அவை ஒருத்தரை ஒருத்தர் நிறுத்தேலாமல் நிண்டினம்.

"உங்கட ஆள் வெல்லுவாரோ?" எண்டு தவம் அண்ணை கேட்டார். "வெல்லமாட்டார்." "நல்ல ஆளோ?" "சீ, பொல்லாத வாய்க்காரன். எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது." "பிறகேன் அவருக்குப் போடச் சொல்லுறியள்?" அருளப்பு அண்ணை பாட்டுக்குழுவுக்குச் சுருதி குடுக்கிற மாதிரி விரலைத் தூக்கினார்: "நல்ல ஆளா நிறுத்தினா வெண்டுபோடுவான் ஐசே, பிறகு எங்கட கோவத்தை எப்பிடிக் காட்டுறது?"

ரயில் எப்பிடியும் பிந்தும்

அதே வகுப்பில நிலானியும் இருந்தவள். இங்க பிறந்த பிள்ளை, தாதிக்கு ஆஸ்பில்டுங், அதுதான் வேலையோட சேர்ந்த படிப்பு, செய்யிறாள். அவள் கையை உயத்தினாள். "மாமா, உங்கள் ரெண்டு பேருக்கும் அங்க வோட்டு இருக்கா?" இல்லை. ரெண்டு பேரும் ஜேர்மன் பாஸ்போட் எடுத்து எத்தினையோ வருசம். "அப்ப இங்க போடுறீங்களா?" இங்க ஜனாதிபதியைச் சனம் தெரிவு செய்யிறேல்லை எண்டு தவம் அண்ணை உடனை மறிச்சார். பாராளுமன்றத்துக்குப் போடலாமே எண்டு பிள்ளை விடேல்லை. போனமுறை போட்டீங்களா எண்டு கேட்டாள்.

தவம் அண்ணை வீட்டுக்கு முன்னால இருக்கிற பள்ளிக்கூடத்திலதான் வோட்டுச்சாவடி, ஜன்னலுக்கால பாத்தவராம். அருளப்பு அண்ணைக்கு அண்டைக்குப் பாட்டுப் பயிற்சியாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முல்லைத்தீவில ஆர் எங்க புள்ளடி போடவேணுமெண்டு தொண்டை கிழியக் கத்துற மனுசருக்கு முன்றோட்டைக் கடக்க ஏலாமல் போச்சு. அந்த ஒரு விசயத்தில மட்டும் ரெண்டு பேரும் ஒற்றுமை. தவம் அண்ணை தலையை ஆட்ட, அருளப்பு அண்ணை விளக்கம் குடுத்தார்: "இங்க ஆர் வந்தாலும் ரயில் பிந்தித்தான் வரும் பிள்ளை, அதுக்கேன் ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துப் போடுவான்?"

ஏத்தத்தில ஒரு ரெலிபோன்

ஏத்தத்தில காரை எடுக்கப் பழக்கின நாள். தவம் அண்ணையின்ர போன் விடாமல் அடிக்குது. ஓரமா நிப்பாட்டச் சொன்னன். தங்கச்சி மல்லிகா, முல்லைத்தீவில இருந்து. அவர் ஸ்பீக்கரில போட, எனக்கும் முழுக்கக் கேட்டது. மல்லிகாவின்ர வீட்டுக்காணி சண்டை முடிஞ்ச நாளில இருந்து ஆமி முகாம் வேலிக்கு அங்கால. புருசன் செத்திட்டார், மச்சாளின்ர வீட்டில ஒரு அறையில இருக்கிறா. போனவருசம் அதே ஒழுங்கையில பக்கத்து வளவு வரைக்கும் ஆமி திருப்பிக் குடுத்திட்டாங்கள். இப்ப அந்த மூண்டு பேரில ஒருத்தரின்ர ஆக்கள் வந்து, எங்கட ஆள் வெண்டா மிச்சமும் வரும் எண்டு சொல்லியிருக்கினம்.

"அவனையே? பொய் சொன்னவனையே?" எண்டு அண்ணை பாய்ஞ்சார். "அவரை எனக்கும் பிடிக்காது அண்ணை. வேலிக்கு இங்கால நிண்டு பாத்தா என்ர கிணத்துக்கட்டுத் தெரியுது. பிடிக்குது பிடிக்கேல்லை எண்டு பாக்க ஏலாமல் கிடக்கு" எண்டா. அவவின்ர குரலில அழுகை இல்லை. இவர் அதைக் கவனிக்கேல்லை. "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் போகக்கூடாது! மண்டபத்தில நான் என்ன முகத்தோட நிக்கிறது?" எண்டு கத்தின கோவத்தில ஹாண்ட்பிரேக்கை இறக்கிப்போட்டார். கார் பின்னால உருளத் தொடங்கீட்டுது. "அண்ணை, கார் பின்னால போகுது!" எண்டு நான் கத்த, "போகட்டும், கொள்கைதான் முக்கியம்!" எண்டு அவர் கத்தினார். என்ர பக்கத்து பிரேக்கை மிதிச்சு நிப்பாட்டினன். போனுக்குள்ள இருந்து மல்லிகா கேட்டா: "கார் பழக்கிற பிள்ளை, உங்கட பக்கத்திலயும் பிரேக் இருக்கோ? நல்லா அமத்துங்கோ, அவர் சின்னனில இருந்து இப்பிடித்தான்."

நிப்பாட்டின போன்

தேர்தல் சனிக்கிழமை வந்தது. காலமை தவம் அண்ணைக்குப் பாடம். அடுத்த பாடம் நிலானிக்கு எண்டதால அவள் பின் சீற்றில. அண்ணை காரை எடுக்க முதல் ஒருக்கா அடிச்சார், தங்கச்சி எடுக்கேல்லை. ஊருக்கு மேலால தொங்கி ஓடுற ரயில் பாதைக்குக் கீழ ஓரமா நிப்பாட்டி அடிச்சார், எடுக்கேல்லை. மச்சாளுக்கு அடிச்சார், அவவும் எடுக்கேல்லை. மனுசன் வேர்த்துக் கொட்டுறார். திருப்பிக் காரை எடுத்துச் சந்தியில நிண்டா, பச்சை லைற் விழுந்து, திருப்பிச் சிவப்பாகி, அதையும் அவர் காணேல்லை. கோவமோ பயமோ எண்டு எனக்கு விளங்கேல்லை. "அவளுக்கு என்னவும் நடந்திட்டுதோ தெரியேல்லை" எண்டு மெல்லமாச் சொன்னார். அந்த நேரம் எனக்கு அவரில உண்மையாப் பாவமாப் போச்சு. பின் சீற்றில இருந்து நிலானிதான் ஆறுதல் சொன்னாள்: "மாமா, ஒண்டும் நடக்கேல்லை, வோட்டுச்சாவடிக்குள்ள போனை நிப்பாட்டத்தானே வேணும்."

எல்லாரும் வெண்ட தேர்தல்

முடிவு வந்தது. மல்லிகா காணிக்கு நம்பியிருந்த ஆள் தோத்துப்போனார், வேறொருத்தர் வெண்டார். ஆனா வுப்பர்டாலில ஒருத்தரும் தோக்கேல்லை. கனபேர் வோட்டுப் போடப் போகேல்லை, அது எங்கட வெற்றி எண்டு தவம் அண்ணை கேக் வெட்டினார். அண்டைக்கு அங்க மழை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. தங்கட ஆள் வெல்லேல்லை, அதால கோவம் நல்லாத் தெரிஞ்சிட்டுது எண்டு அருளப்பு அண்ணையும் கேக் வெட்டினார். நான் ரெண்டு கேக்கும் சாப்பிட்டன்.

அடுத்தநாள் தவம் அண்ணைக்குக் கார்ச் சோதினை. சோதிக்கிற ஜேர்மன்காரர் பின்னால. எந்தச் சந்திக்கு வந்தம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. வலப்பக்கம் வெறுமை, எங்கட முறை, இவர் நிக்கிறார். சோதினையில நான் மிதியில காலை வைக்கவும் ஏலாது, வாயைத் திறக்கவும் ஏலாது. கனநேரம் போய் அந்த மனுசர் பேனையை மூடினார். "நிக்கிறதும் பிழைதான்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இறங்கிப் போனார். அப்பத்தான் மல்லிகாவின்ர போன் வந்தது, இவர் ஸ்பீக்கரில போட்டார். "பாஸோ அண்ணை?" "இல்லை." பிறகு இவர்தான் கேட்டார், முதல்முறையாச் சத்தம் குறைச்சு: "நீ போட்டவனும் தோத்திட்டானேயடி, இனிக் காணிக்கு என்ன செய்யப்போறாய்?" காணி விசயம் பாக்கிற கச்சேரிக் கந்தோர் வாசலில நிக்கிறனெண்டு சொல்லித்தான் மல்லிகா மிச்சத்தைச் சொன்னா: "ஆர் வெண்டா என்ன அண்ணை, விரலில மை அழிய முதல் உள்ள போய்க் கேக்கப்போறன். பேசாமல் வீட்டில இருந்திருந்தா எதைக் காட்டிக் கேக்கிறது?"

பக்கத்து சீற்றில இருந்து பிரேக் அமத்துறதுக்குச் சம்பளம் வாங்கிறது எங்கட சனத்துக்குள்ள நான் ஒருத்திதான். மிச்ச ஆக்கள் எல்லாரும் சும்மாதான் அமத்தினம்.