மூன்று என்று சொன்னவன்

எங்கள் மாவட்டக் குதிரைப்படையின் போர்ச் சரித்திரத்தை எழுதியவர் மேஜர் பிரெண்டர்காஸ்ட். தட்டச்சு செய்தவள் நான், டோரீன் பாஸ்கோ. பகலெல்லாம் குல்லாரா தபாலாபீசில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பேன், மிச்ச நேரத்தில் மேஜரின் கோழிக் கிறுக்கலோடு மல்லுக்கட்டுவேன். முன்னூறு பக்கம். எந்தக் குன்றை எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எந்தக் கிணற்றில் எத்தனை குதிரை தண்ணீர் குடித்தது, எல்லாம் உண்டு. வில்ஃப் டிரான்டரைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. கடைசிப் பட்டியலில் பெயர் இருக்கிறது, அதிலும் எழுத்துப் பிழை. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வில்ஃபும் நானும் ஒரே பள்ளிக்கூடம். 1915இல் சொந்தக் குதிரையோடு போய்ப் படையில் சேர்ந்தான். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, எங்கள் ஊரிலிருந்து போன அத்தனை பேரும் தாங்களாகப் போனவர்கள்தான். திரும்பி வந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் யாராவது எண்ணுவது காதில் விழுந்தால் ஆகாது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒன்று, இரண்டு என்று சொல்ல ஆரம்பித்தால் வந்த வழியே திரும்பிவிடுவான். ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஆடு எண்ணும்போது வெளியே ஓடியதால் அந்த வேலையும் போயிற்று. பிறகு வேலி போட்டுப் பிழைத்தான். கம்பங்களை மூன்று வரைக்கும் எண்ணுவான், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். "நாலு குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன், நாலு மட்டும் வாயில வராது" என்று மதுக்கடையில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கேலி புரிய வேண்டுமானால் ஒன்று தெரிய வேண்டும். எங்கள் ஆட்கள் குதிரை மேல் போவார்கள், சண்டையை இறங்கி நின்றுதான் போடுவார்கள். நாலு பேர் ஒரு கூட்டு. புறப்படும் முன் வரிசையில் நின்று எண் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, நாலு என்று சொன்னவர்கள் துப்பாக்கியோடு முன்னால் ஓடுவார்கள். மூன்று என்று சொன்னவன் நாலு குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னால் மேட்டு மறைவில் நிற்பான். வாயிலிருந்து வந்த எண் வந்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

லெஸ் மோப்ரே வில்ஃபின் கூட்டில் இருந்தவன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. கப்பல் ஏறும் முன் அவன் தாய் ஆக்னஸ் அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், எப்போதும் மூன்றாவது ஆளாகவே நிற்க வேண்டும் என்று. இரண்டு வருஷம் அப்படியே நின்றான். 1917இல் பாலஸ்தீனத்தில் ஒரு விடிகாலை முன்னால் போனான், போனவன் வரவில்லை. கூட்டில் மற்ற இருவரும் அன்றே செத்துப்போனார்கள். குதிரைகளோடு நின்ற வில்ஃப்தான் ஆக்னஸுக்குக் கடிதம் எழுதினான். லெஸ் தானாகவே கேட்டு முன்னால் போனான், வீரனாகச் செத்தான் என்று.

தாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானாம். அவளோ மகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டிக்கு அடியில் தள்ளினாள். ஊர் நினைவுக் கல்லில் அவன் பெயரைப் பொறிக்க விடவில்லை. "பெத்தவளுக்குப் பண்ணுன சத்தியத்த மிதிச்சுட்டுச் சாவத் தேடிப் போனவனுக்குக் கல்லு ஒரு கேடா?" என்றாள். பதினாலு வருஷம் பிள்ளையின் பெயரை வாயால் சொல்லவில்லை. வில்ஃப் சனிக்கிழமை தவறாமல் போய் அவளுக்கு விறகு பிளந்து போட்டான். ஊரே அவனை மெச்சிக்கொண்டது.

அந்தக் கடிதத்தின் சேதி ஊருக்கே தெரியும் என்பதால் மேஜரும் புத்தகத்தில் எழுதிவிட்டார்: "பத்திரமான பணியை உதறிவிட்டு, தாமே விரும்பி முன்னணிக்குச் சென்றார்." பக்கத்தில் போட லெஸ்ஸின் படம் வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது நான். ஆக்னஸ் நாயை அவிழ்த்துவிடுகிற ரகம். அதனால் வில்ஃபைத் துணைக்குக் கூப்பிட்டு, அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"இந்த வரிய எடுத்துடேன், டோரீன்."

"ஏம்ப்பா? நீ எழுதுன சேதிதானே?"

"அச்சாயிட்டா அழிக்க முடியாதுல்ல?"

"வீட்டுக்கு வீடு இருக்கும். எலி தின்னாத்தான் உண்டு."

அவன் சிரிக்கவில்லை. வலது கை எதையோ இறுக்கிப் பிடித்தது போல மூடிக்கொண்டது.

"அவன் கேட்டுப் போகல" என்றான். "அன்னிக்கு நல்ல இருட்டு. ஒண்ணு, ரெண்டுன்னு வந்துச்சு. அடுத்தது லெஸ். அவனுக்கு இருமல் வந்துடுச்சு. அவனுக்குப் பக்கத்துல நான், நாலாவது ஆளு. என் வாயி மூணுன்னு சொல்லிடுச்சு."

"தெரியாமச் சொல்லிட்டியா?"

"அதான் தெரியல. அவன் சொல்லலியேன்னு சொன்னேனா, பயத்துல சொன்னேனா? ஒரு நாள் அப்படித் தோணுது, ஒரு நாள் இப்படித் தோணுது. வேலி ஓரமா நின்னா அவனும் வந்து பக்கத்துல நிக்கிறான். இருமுறான். நான் வாயத் திறக்கறதில்ல. இந்தத் தடவ அவனே சொல்லட்டும்னு காத்துக்கிட்டு நிக்கிறேன். சொல்லவே மாட்டேங்கிறான்."

கேட்கப் பாவமாக இருந்தது. அதையும் மீறிக் கோபம் வந்தது.

"அந்தம்மா பெத்த பிள்ளைய இத்தன வருஷமா வெறுத்துக்கிட்டு கெடக்கா. நீ விறகு பொளந்து போடுறியாக்கும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச கதையா இருக்கு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான் சொல்லணும்" என்றான்.

நாங்கள் போனபோது ஆக்னஸ் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "என்னடி டோரீன், இவனையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கே. கல்யாணச் சேதியா? இந்த வயசுல ஒங்களுக்கு எவன் கேக் செய்வான்?" என்றாள். வில்ஃப் தொப்பியைக் கழற்றிவிட்டு, என்னிடம் சொன்னதை ஒரு சொல் குறையாமல் சொன்னான். பயத்தில் சொன்னேனா தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான். அவன் முடிக்கிறவரை அவள் கை நிற்கவில்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"நாலுன்னு சொன்னாம்மா."

"சண்ட போடலியா? அது என் நம்பருடான்னு கேக்கலியா?"

"கேக்கல. திரும்பி என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தான். அப்புறம்தான் நாலுன்னான். அங்க போய் எறங்கினதும் கடிவாளத்த என் கையில குடுத்துட்டுப் போனான்."

"குரல் நடுங்குச்சா?"

வில்ஃப் தரையைப் பார்த்தான். "கொஞ்சம்."

அந்த ஒரு சொல்லில்தான் அவள் உடைந்தாள். மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "பயந்திருக்கான். என் பிள்ள சாவத் தேடிப் போகல. பயந்துக்கிட்டே போயிருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தொடப் போன என் கையைத் தட்டிவிட்டாள். அழுகை அடங்கிய பிறகு வில்ஃபைப் பார்க்காமலே, "கோடாலிய அங்கயே வச்சுட்டுப் போ. இனிமே வராதே" என்றாள்.

மறுநாள் படத்தோடு தபாலாபீசுக்கு வந்தாள். நான் அந்த வரியை அடித்துவிட்டு, "மூன்றாம் எண்ணுக்கு உரியவர். வேறொருவர் அந்த எண்ணைச் சொன்னதால் நான்காம் எண்ணாக முன்னால் சென்றார்" என்று மாற்றினேன். மேஜர் குதித்தார். "படைச் சரித்திரத்துல இதையெல்லாம் எழுதலாமா?" என்றார். "குதிர குடிச்ச தண்ணிய எழுதலாம், இத எழுதக் கூடாதா? அப்ப மிச்சத்தையும் நீங்களே தட்டிக்கோங்க" என்றேன். தட்டச்சு தெரிந்தவள் ஊரில் நான் ஒருத்திதான். மாற்றிய வரி அப்படியே இருந்தது. தன் பெயரையும் போடச் சொல்லி வில்ஃப் கெஞ்சினான், அதற்கு மட்டும் மேஜர் இசையவில்லை.

சொல்லிவிட்டால் லெஸ் வருவது நின்றுவிடும் என்று வில்ஃப் நம்பியிருந்தான். நிற்கவில்லை. சனிக்கிழமை வந்தால் ஆக்னஸ் வீட்டுப் படலுக்கு வெளியே போய் நிற்பான், பொழுது சாய்ந்ததும் திரும்புவான். குளிர்காலம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் அவளே கோடாலி தூக்குவதை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மழையிலும் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை, நேரே அவளிடம் போனேன்.

"போதும்மா. அவன் இப்படியே நின்னு செத்துடுவான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிடேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"அவன மன்னிக்க எனக்கு ஏதுடி நேரம்? பதினாலு வருஷம் வைதிருக்கேன். என் பிள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டு முடிக்கவே இருக்கிற நாள் பத்தாது."