தொட்டியோரத்துப் பாட்டு

சல்லடைக் கிண்ணத்தைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கும்போதும் அக்கா பாட்டை விடுவதில்லை. கிண்ணத்துக்குள் தட்டான்பூச்சியின் இளம்புழு. வெளியே அதுவரை துள்ளிக்கொண்டிருந்த தலைப்பிரட்டைகள் அடியில் போய் அசையாமல் படுத்துவிடுகின்றன.

"பாத்தியா, கப்சிப்! நேத்து இது அவங்க ஆளையே தின்னுருக்கு. அந்த வாசனை தண்ணியில எறங்குதில்ல, அதான்."

தவளைகளை ஆராயும் அவளுக்குப் பாடம் நடத்தும் கல்லூரியில் 'தவளை மேடம்' என்று பெயர். மொட்டைமாடி அறை முழுக்கத் தொட்டிகள். கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு அதே பேனாவை வீடெல்லாம் தேடுவாள்.

"புழுவுக்கு மண்புழுவையே போட்டு வளத்தா?" என்று கேட்கிறேன்.

"மெல்ல மெல்ல பயம் தெளிஞ்சிடும். சும்மாவே படுத்துக் கெடந்தா அதுங்க எப்படித் திங்கும், எப்ப வளரும்?"

எனக்குப் பழைய வீடு ஞாபகம் வந்துவிடும். தெருமுனையில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ரேடியோ அணையும். பாடிக்கொண்டிருந்த அக்கா புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்ப்பாள். நான் கட்டிலுக்கடியில். அம்மாகூடக் கரண்டியை ஓசைப்படாமல் வைப்பாள். அப்பா எங்களை அடித்ததில்லை. கத்தினால் ஜன்னல் அதிரும், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நாட்களுக்கு மனது ஏங்கத்தான் செய்கிறது. நால்வரும் ஒரே வீட்டில் இருந்தோமே.

அம்மா போனபின் அப்பா அக்காவோடுதான் இருக்கிறார். இப்போது அவருக்கு ஈயை விரட்டக்கூடக் குரல் எழும்பாது. ஆனால் மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றும் அக்காவின் பாட்டு பாதியில் அறுந்துவிடும். போனமுறை நான் வந்திருந்தபோது அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்:

"அவ நல்லா பாடுறாளாமே, பக்கத்து வீட்டுல சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏம்மா பாட மாட்டேங்குறா?"

காபி கொண்டுவருகிறேன் என்று நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

நேற்று மாலை மாடிக்கு ஏறினேன். மேலே அக்கா பாடிக்கொண்டிருந்தாள். நடுப்படியில் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு செருப்பு நழுவிப் படியில் விழுந்தது.

பாட்டு நின்றுவிட்டது. அப்பாவின் முகம் வாடிப்போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கப் போனார்.

கதவு திறந்தது. அக்கா கீழே கிடந்த செருப்பைப் பார்த்தாள், அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தாள். தொட்டியருகே திரும்பிப்போய், விட்ட அடியிலிருந்து பாட்டைத் தொடங்கினாள். கதவை மூடவில்லை.