மச்சானின் இறால் குஞ்சுகள்

கனமூலைக்கு மேற்கே, கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரத்தில் எனக்கு இரண்டு இறால் குளங்கள். முதல் வருடம் நன்றாக விளைந்தது. இரண்டாம் வருடம், பிடிப்பதற்கு மூன்று கிழமை இருக்கையில், காலையில் போய்ப் பார்த்தால் இறால்கள் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றின் தலையோட்டைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். மூன்றாம் நாள் இரண்டு குளத்திலும் எதுவும் மிஞ்சவில்லை.

குஞ்சுகள் மச்சானிடம் வாங்கியவை. மச்சான் என்றால் என் ராத்தாவை, அதாவது மூத்த சகோதரியை, கட்டியவர். நுரைச்சோலைப் பக்கம் கடலோரத்தில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்திருக்கிறார். நோய்க் குஞ்சைத் தெரிந்தே என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் உறவு அன்றோடு முடிந்திருக்கும். அவர் வீட்டுப் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கள் பண்ணையாளர் சங்கத்துக்கு நோய் சோதிக்கும் ஒரு கருவி வந்தது, உள்ளங்கையில் அடங்குகிற அளவில். அதை இயக்க ஒரு பெண்பிள்ளையும் வந்தாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அவள் புத்தளத்திலேயே பிறந்து படித்தவள். குஞ்சை நசுக்கி, மருந்தில் கரைத்து, சூடாக்கி, ஒரு சொட்டை நகமளவு தகட்டில் விடுவாள். வெள்ளைப்புள்ளி வைரஸின் டி.என்.ஏ.க்குச் சோடியான துண்டு அந்தத் தகட்டில் ஒட்டியிருக்கிறதாம். வைரஸ் இருந்தால் அதன் டி.என்.ஏ. போய்ச் சோடியோடு சேரும். தகட்டில் ஓடும் மின்சாரம் மாறும். கருவி அதைக் காட்டும்.

"செருப்பு மாதிரித்தான் நானா. மற்றச் சோடி பொருந்தாது" என்றாள், அண்ணனைப் போல என்னை விளித்து.

நான் நம்பவில்லை. ஆனாலும் மச்சானைப் பிடிக்க ஒரு வழி கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோசம். அவரிடம் ஒரு பை குஞ்சு வாங்கி வந்தேன். காலைவரைக்கும் உயிரோடு இருக்கட்டும் என்று, குளத்துத் தண்ணீர் அள்ளிய வாளியில் விட்டு வைத்தேன். மறுநாள் சங்கத்தில் கொடுத்தபோது கருவி நோய் இருக்கிறது என்று காட்டியது.

நேரே மச்சான் வீட்டுக்குப் போய், ராத்தாவுக்கு முன்னாலேயே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பைய எங்க பிரிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். வாளிக் கதையைச் சொன்னேன். அதே தொட்டியிலிருந்து இன்னொரு பை கட்டித் தந்து, பிரிக்காமல் கொடுக்கச் சொன்னார். அதில் நோய் இல்லை என்று வந்தது.

இப்போது என் சந்தேகம் அந்தப் பிள்ளை மேல் திரும்பியது. மச்சான் முன்கூட்டியே அவளிடம் கதைத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். அதனால் மூன்று போத்தல்களில் எனக்கு மட்டும் விளங்கும் அடையாளம் போட்டேன். ஒன்றில் கட்டிய பையின் குஞ்சு, ஒன்றில் வாளிக் குஞ்சு, மூன்றாவதில் குஞ்சு விடாமல் புதிதாக வாளியில் அள்ளிய குளத்துத் தண்ணீர். எது எதுவென்று அவளிடம் சொல்லவில்லை. வாளிக் குஞ்சிலும் வாளித் தண்ணீரிலும் நோய். பைக் குஞ்சு சுத்தம்.

அடையாளத்தைச் சொன்னதும் அவள் மூன்றின் முடிவையும் ஒரு தாளில் எழுதினாள். பிறகு, "குளத்து வரம்புல நண்டு இருக்கா நானா?" என்று கேட்டாள்.

இருந்தது, நிறைய. இரண்டைப் பிடித்துக் கொடுத்தேன். இரண்டிலும் அதே வைரஸ். நண்டு சாகாமலே நோயைச் சுமக்கும் என்று விளங்கப்படுத்தினாள். இறால் செத்த பிறகு நான் குளத்தைக் காயவிட்டேன். நண்டு வளைகளைத் தொடவில்லை. மறுபடி தண்ணீர் விட்டபோது அவை அங்கேயே இருந்திருக்கின்றன.

மச்சானிடம் போய்ச் சொல்வதற்கு நான்கு நாள் எடுத்தது. கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நானும் உங்களத்தான் சந்தேகப்பட்டேன், குளத்து நோய இங்க கொண்டு வாறீங்களோ எண்டு. நீங்க வந்துபோற ஒவ்வொரு தரமும் தொட்டியெல்லாம் சோதிச்சுப் பாத்தேன்." ராத்தா எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அந்தப் போகம் குளங்களைச் சும்மா விட்டேன். வளைகளை அடைத்து, வரம்பைச் சுற்றி வலை கட்டினேன். முதல் தடவை நோய் நண்டால் வந்ததா, குஞ்சால் வந்ததா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். அதை இனி எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது என்றாள்.

இப்போதும் மச்சானிடம்தான் குஞ்சு எடுக்கிறேன். நான் கேட்க முன்னமே அவர் பிரிக்காத பை ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவார். நான் அதே தொகுதியில் இன்னொன்றை, வேறு ஆளின் பெயரில் கொடுத்துச் சோதிக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். இதுவரை ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.